சபைச் சுவருக்கு நீ அனுப்பிய படம்

சித்தூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள கேசியாவுக்கு,

கர்த்தர் இன்று காலையும் என்னை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். எதையாவது விட்டுவிடுவேன் என்று முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்:

1. என் உடம்பு.
2. திருப்பதியில் பார்த்த ஓவியங்கள்.
3. உன் படத்தை நம் சபையில் மாட்ட முடியாது என்பதும், அதன் காரணமும்.

சர்க்கரை அடங்கியிருக்கிறது, முழங்கால்தான் அடங்கவில்லை. சிலுவையடியில் மரியாள் நிற்கும் உன் படம் வந்து இரண்டு வாரமாகிறது. மரியாளுக்கு உன் அம்மாவின் முகத்தைக் கொடுத்திருக்கிறாய். கமிட்டியார் முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள், நாளை ஆராதனை முடிந்ததும் சொல்ல வேண்டும். நம் சபைச் சுவரில் வசனம் தவிர வேறெதுவும் இருந்ததில்லை, படம் வந்தால் ஜனங்கள் அதையே கும்பிடத் தொடங்குவார்கள் என்பது என் பயம். பயம் சரிதானா என்று பார்க்க, என்னோடு பள்ளியில் கணக்கு நடத்திய கோவர்த்தனன் சாரைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை திருப்பதி அருங்காட்சியகத்துக்குப் போனேன். இந்த மாதம் கண்காட்சிக்காகக் கிறிஸ்தவ ஓவியங்களின் அசல்களை வெளியூரிலிருந்து கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள். நம் சபைக் கோயிலுக்குள் நுழைகிற பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். அவர், "இன்னா சார், படத்த கும்புடக் கூடாதுன்னு பஸ்ஸுல வழி பூரா சொல்லிக்கினு வந்தீங்க, இப்ப நீங்களே செருப்ப வுட்டுட்டு நிக்கிறீங்க" என்று காவல்காரருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

அச்சுப் படங்களையே பார்த்த எனக்கு அசலில் தூரிகை போன தடம்கூடத் தெரிந்தது. ஒரு படத்தில் செத்த மகனைத் தாய் மடியில் கிடத்தியிருக்கிறாள். மகனின் கையை ஓவியர் முதலில் வரைந்த இடத்திலிருந்து மாற்றி வரைந்திருக்கிறார், அடியில் பழைய விரல்கள் மங்கலாகத் தெரிகின்றன. அதன் எதிரே, மலையில் மொட்டை போட்டு இறங்கி, வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு தெலுங்கு அம்மாள் நின்றிருந்தாள். "வாளம்மேனா?" என்றாள், அவன் அம்மாதானா என்று. ஆமாம் என்றேன். அவள் கைகூப்பவில்லை. இழவு வீட்டில் உட்காருவதுபோல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று வராத அழுகை அங்கே வந்தது. பிறகு கோவர்த்தனன் சார் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

இவ்வளவு பார்த்தும் பயம் விடாததால்தான் மூன்றாவதைக் குறித்தேன். இப்போது காரணம் எழுதப் போனால் வரவில்லை. அந்த அம்மாள் கும்பிடவில்லை, கூட உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக. படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது என்று மறக்காமல் எழுது, உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளை கமிட்டியாரிடம் சொல்லிவிடுவேன். மூன்றாவது குறிப்பு தவறு.

உன் நைனா,
நேசகுமார்