அத்தை என்னை வைத்தியத்துக்குக் கூட்டிப்போனது

அத்தை,

காலையில் ஜன்னல் கம்பிக்கு அடிக்க வந்த பெயிண்டர் பச்சை பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, கலர் புடிக்கலீங்களா?" என்றார். மாமியார் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். மாமியாரை நினைத்துச் சிரிக்கிற மருமகளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அரூர்ப் பக்கத்திலிருந்து நான் உங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. எழுபதுகளின் தொடக்கம். மாமா போன பிறகு ஒற்றை ஆளாக நிலத்தையும் மகனையும் பார்த்துக்கொண்டவர் நீங்கள். பேச்சு அளந்துதான் வரும். அதனால் அந்த ஆடி மாதத்தில் நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக் கதவுக்குப் பச்சை அடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கதவுக்குப் பிறகு உரல். உரலுக்குப் பிறகு என் டிரங்குப் பெட்டி. கடைசியில் இரண்டு மாடுகளுக்கும் கொம்பு. மாடுகள் தெருவில் போனதும் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"என்னங்க, பொங்கல் வந்துருச்சா?"

"எங்க வூட்டுக்கு வந்துருச்சு. உங்க வூட்டுக்கு இன்னும் வரலியா?" என்றீர்கள்.

அதன் பிறகு உங்களுக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பேச்சுக்கு முற்றுப்புள்ளி இல்லை. பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போனவர், பார்த்தவரையெல்லாம் என் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு வந்தீர்கள். மாப்பிள்ளை யார் என்று கேட்டவர்களுக்கு, "பழைய மாப்பிள்ளைதான். போன தடவை பந்தியில ரசம் சரியில்ல, அதான் திரும்பப் பண்றோம்" என்று பதில். அந்தப் பழைய மாப்பிள்ளை, அதாவது உங்கள் மகன், அவமானம் தாங்காமல் விடிந்ததும் காட்டுக்குப் போய் இருட்டிய பிறகே திரும்பினார். நான்தான் வாசலில் நின்று விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பினேன்.

அப்படிக் குண்டான் ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொண்டு வந்தவர் சந்தையின் பாத்திரக்கடை பாய். அவரை மட்டும் திருப்பி அனுப்ப முடியவில்லை. அவர் உட்கார்ந்து உங்கள் பேச்சை முழுக்கக் கேட்டார். போகும்போது என்னிடம், "எங்க மச்சானுக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. பேயுமில்ல, பிசாசுமில்ல. இது நோவு. பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, கூட்டிட்டுப் போங்க" என்றார். குண்டானை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளே உங்கள் கொழுந்தனார் மாட்டுக் கயிற்றோடு வந்து நின்றார். மலையடிவாரத்துக் கோயில் ஒன்றில் கட்டிப்போட்டுப் பூசாரி விபூதி அடித்தால் சரியாகிவிடுமாம். நீங்கள் கயிற்றைப் பார்த்து, "எந்த மாட்டுக்கு?" என்று கேட்டீர்கள். அதுவரை அவர் முன்னால் நான் வாய் திறந்ததே கிடையாது. "எங்க அத்தைய நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க மாமா. கயித்தக் கொண்டுபோயிருங்க" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

ஆனால் நீங்கள் வரவேண்டுமே. "எனக்கென்ன கொறச்சல்? நீதான் சோறு திங்காம, தூங்காம மூஞ்சி வெளுத்துக் கெடக்குற" என்றீர்கள். அதுவும் உண்மைதான், உங்களுக்குக் காவல் இருந்ததில் வந்த வெளுப்பு. சட்டென்று நீங்களே முடிவு செய்தீர்கள்: "கெளம்பு புள்ள. உன்ன பெங்களூர்ல காட்டலாம்."

நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். மகன் துணைக்கு வந்தார். ஓசூரில் பஸ் நின்றபோது எனக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிவர அவரை இறக்கினீர்கள். அவர் இறங்கியதும் நீங்கள் கண்டக்டரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னீர்கள். விசில் அடித்தது, வண்டி நகர்ந்தது. வெள்ளரிப்பிஞ்சோடு அவர் பின்னால் ஓடிவருவது தெரிந்தது. "நோயாளிக்கு ரெண்டு பேர் எதுக்கு?" என்றீர்கள்.

ஆனேக்கல் பக்கத்தில் பிறந்த உங்களுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கோ 'சொசெ' என்றால் மருமகள் என்பது மட்டும் தெரியும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நீங்கள் மடைதிறந்தாற்போல ஆரம்பித்தீர்கள். சொசெ, சொசெ என்று நடுநடுவே கேட்டது. டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நர்ஸ் வந்து என் வாயில் தெர்மாமீட்டரை வைத்தாள்.

"நான் இல்லீங்க, அவங்க!" என்று அதைப் பிடுங்கிவிட்டுக் கத்தினேன். நீங்கள் டாக்டரைப் பார்த்து, 'நான் சொன்னேனல்லவா' என்கிற மாதிரி கையை விரித்தீர்கள். நான் அழ ஆரம்பித்தேன். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

நீங்கள் அதோடு நிறுத்தியிருந்தால் நோயாளியாக நான்தான் அங்கே படுத்திருப்பேன். ஆனால் பாப்பாரப்பட்டியில் இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி கட்ட நிலம் தருவதாகச் சொன்னீர்களாம், நர்ஸ் பிறகு தமிழில் சொன்னாள். டாக்டரின் மேஜையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினீர்கள். கட்டடத்துக்குப் பச்சை அடிக்க வேண்டுமென்றீர்களாம். டாக்டர் பேனாவை மூடிவிட்டு உங்களையே பார்த்தார். அந்த நேரத்தில் உங்கள் மகன் துண்டில் வெள்ளரிப்பிஞ்சு மூட்டையோடு வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

வார்டில் உங்களோடு நானே தங்கினேன். அந்த நாட்களில் சிரிக்க அதிகமில்லை. ஒருநாள் என்னைத் திருடி என்று சொல்லி அறைந்தீர்கள். இன்னொரு நாள் என் முந்தானையை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "நீ போயிராத" என்றீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒருவகை உப்பு என்று கேட்டதும், "சந்தையில இல்லாத உப்பா? இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று கோபப்பட்டீர்கள். ஆனால் விழுங்கினீர்கள்.

ஊர் திரும்பியபோது நீங்கள் பழையபடி அமைதியாகியிருந்தீர்கள். பழையதைவிடவும் அதிகம். மாட்டுக் கொம்பைப் பார்த்துவிட்டு வாசலுக்கே வரமாட்டேன் என்றீர்கள். பல நாள் கழித்து, பருப்பு புடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் என்னென்ன பண்ணேன்? மறைக்காம சொல்லு" என்று கேட்டீர்கள். சொன்னேன். பொங்கல், ரசம், தெர்மாமீட்டர். தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வெள்ளரிப்பிஞ்சோடு மகன் ஓடியதைச் சொன்னபோது உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று பயந்து முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிரிப்பு. கயிற்றை மட்டும் நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நமக்குள் ஒரு பழக்கம் வந்தது. யாருக்கும் தெரியாது. சில நாள் நீங்களே அடுப்படிக்கு வந்து, "இன்னிக்கு மனசு ரொம்ப சந்தோஷமா இருக்குது புள்ள. கொஞ்சம் பாத்துக்க" என்பீர்கள். ஒருமுறை அது நோவாகவே இருந்தது. உடனே பெங்களூருக்குக் கிளம்பினோம், சீக்கிரமே திரும்பினோம். பசு கிடேரிக் கன்று போட்ட அன்றைக்கும் சொன்னீர்கள். சாயங்காலம்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. "வெறும் சந்தோஷந்தானாட்ட இருக்குது" என்று எழுந்து போனீர்கள், கொஞ்சம் ஏமாந்த மாதிரி.

நீங்கள் போய் வருடங்கள் ஆகின்றன. போன வருடம் எனக்குப் பேத்தி பிறந்தாள். பிரசவ வார்டு வாசலில் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஆடியது. பக்கத்தில் நின்ற என் மகனின் கையைப் பிடித்து, "மனசு ரொம்ப சந்தோஷமா இருக்குதுடா. கொஞ்சம் பாத்துக்க" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.