மெதுவான கைகள்

மார்ச் 4, புதன்

டோர்கெய்ர் வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம். சோபாவை விட்டுவிட்டான், காபி மெஷினை விட்டுவிட்டான், இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தையும் விட்டுவிட்டான். திரையைக்கூட விட்டுவிட்டு, கணினிப் பெட்டியை மட்டும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். "நான் கட்டினது" என்றான். சரிதான், அவன் கட்டியதுதான். ஆனால் ஆறு வருடமாக அதில் வாரம் மூன்று நாள் விளையாடியது நான்.

கழற்றும் முன் என்னையே கூப்பிட்டு, "பின்னாடி ஒயர் எல்லாம் எப்படி இருக்கோ அப்படியே ஒரு போட்டோ எடு, அங்க போய் மாட்டணும்" என்றான். நானும் எடுத்துக் கொடுத்தேன். என்ன மனுஷி நான்!

இன்று பிரேபன் கூப்பிட்டார். ஆல்போர்க்கில் இருக்கிற ரிட்டயர்ட் ரயில் ஓட்டுநர், இணைய விளையாட்டில் எங்கள் பத்துப் பேர் குழுவுக்குத் தலைவர். "சோல்ஃபிரிட், பெரிய வெள்ளி ராத்திரி எட்டு மணிக்குக் கல்லரக்கனை அடிக்கிறோம். நீ வரலைன்னா உன் இடத்துல நம்ம இல்வாதான் வைத்தியக்காரி. அதுக்கப்புறம் அவளையே வெச்சுக்கலாம்னு பசங்க சொல்றாங்க. தப்பா நினைக்காத, அவ கை வேகம்."

அவ கை வேகம். நினைக்காமல் எப்படி இருப்பது?

மார்ச் 7, சனி

முடிவு செய்துவிட்டேன். நானே கட்டுகிறேன்.

பன்னிரண்டாயிரம் குரோனர். கனாரியா தீவுகளுக்கு இரண்டு பேராகப் போக வைத்திருந்த பணம். அதற்கு மேல் ஒரு குரோனர் கிடையாது.

"உனக்கெல்லாம் கட்ட வராது, ரெடிமேடா வாங்கிக்கோ" என்று வீட்டை விட்டுப் போன அன்று டோர்கெய்ர் வாசலில் நின்று சொன்னான். இருபத்து நான்கு வருடமாகப் பல் டாக்டர் பக்கத்தில் நின்று, அரிசியை விடச் சின்னதையெல்லாம் இடுக்கியில் பிடித்துக் கொடுக்கிற கை இது.

மார்ச் 9, திங்கள்

வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியல் நான்காவது தடவை மாறியது.

மார்ச் 10, செவ்வாய்

ஐந்தாவது. ரேம் விலை நேற்றைக்கும் இன்றைக்கும் இருநூறு ஏறியிருக்கிறது. வாங்கிவிடலாமா? நாளைக்கு இறங்கினால்? இன்னும் ஏறினால்?

ஒரு நோயாளிக்கு உறிஞ்சு குழாயை வாயில் வைக்காமல் கன்னத்தில் வைத்துவிட்டேன். டாக்டர் அஸ்லாவ் முகமூடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்ச் 11, புதன்

ரேம் வாங்கிவிட்டேன். இன்று நூறு இறங்கியிருக்கிறது. இனி அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டேன்.

(திறந்தேன்.)

மார்ச் 14, சனி

கிராபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. பழையதுதான். வெர்டாலில் பெட்ரோல் பங்க் வாசலில் ஒரு தாடிக்காரன் சாசேஜ் தின்றுகொண்டே கொடுத்தான். "உங்க பையனுக்கா?" என்றான்.

"எனக்கு."

மெல்லுவதை நிறுத்திவிட்டு, "என்ன ஆடுவீங்க?" என்றான். சொன்னேன். இருநூறு குறைத்துக்கொண்டான். "எனக்கு மே மாசம் குழந்தை பொறக்கப்போகுது. இதுவாவது ஆடட்டும்."

ஒரு கைக்குழந்தையைப் போல சீட் பெல்ட் போட்டு முன்சீட்டில் வைத்து ஓட்டிவந்தேன்.

மார்ச் 19, வியாழன்

பிராசஸர். ஒரே பிராசஸர், இரண்டு மாடல். ஒன்று நானூறு குறைவு. ஏன் குறைவு? தூக்கம் வரவில்லை. மதிய இடைவேளையில் கடைக்கே போன் போட்டேன்.

"தனியா கிராபிக்ஸ் கார்டு இருக்குல்ல?" என்றான் கடைக்காரன்.

"இருக்கு."

"அப்போ குறைஞ்சதே போதும். விலை கூடின மாடலுக்குள்ள படம் காட்டுற பாகம் ஒண்ணு சின்னதா இருக்கும். இதுல இருக்காது, அவ்வளவுதான். கார்டு இருக்கிறவங்களுக்கு அது தண்டம்."

நானூறு மிச்சம்! ரொட்டியைக்கூடச் சாப்பிடாமல் அஸ்லாவிடம் பெருமையடித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லது" என்றாள்.

மார்ச் 25, புதன்

மிச்சமான நானூறும் போயிற்று. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே என்று பிரேபன் கத்தினார். "மட்டமானது வாங்கினா ஒருநாள் டப்புனு வெடிச்சு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும்!" நல்லதாகவே ஆர்டர் போட்டேன். அதோடு கேபினட். விளக்கு எரியாத, கறுப்பான, சும்மா ஒரு பெட்டி.

மொத்தம் 11,940.

ஏப்ரல் 1, புதன்

பவர் சப்ளை வரவில்லை. காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை முதல் ஈஸ்டர் விடுமுறை, கடை எல்லாம் அடைப்பு. இன்று வராவிட்டால் வெள்ளிக்கிழமையை மறந்துவிட வேண்டியதுதான். 3:10க்குத் தகவல் வந்தது, பார்சல் மளிகைக் கடையில் இருக்கிறதாம். கடை நான்கு மணிக்கு மூடுகிறது!

"ஓடு" என்றாள் அஸ்லாவ். "நாலு நாளைக்கு ஊர்ல ஒரு ஈ காக்கா இருக்காது, எல்லாரும் மலைக்குப் போறாங்க. நீயும் எங்க கேபினுக்கு வாயேன்."

"இன்னொரு தடவை."

வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர், அத்தனை பேர் கூடையிலும் மலைக்குக் கொண்டுபோக ஆரஞ்சுப் பழமும் சாக்லெட்டும். 3:54க்குப் பார்சல் என் கையில்.

ஏப்ரல் 2, வியாழன்

காலை ஏழரைக்கு உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து, உடம்பில் நிலைமின்சாரம் ஏறாமலிருக்கக் கம்பளி சாக்ஸைக் கழற்றிவிட்டு. மதர்போர்டில் பிராசஸர் உட்கார்ந்தபோது மூச்சே விடவில்லை. கை நடுங்கவில்லை. ஒரு தடவைகூட.

இரண்டு மணிக்குக் கடைசி ஸ்க்ரூ. மேஜைக்கு அடியில் தள்ளி, டோர்கெய்ரின் மெஷினை எடுத்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து, பின்னால் ஒவ்வொரு ஒயரையும் அதே இடத்தில் மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. கார்டின் விசிறியும் சுற்றியது. கைதட்டினேன்.

திரை கறுப்பு.

மறுபடியும். கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன். கறுப்பு. அரைமணி நேரம் அணைத்து வைத்தேன். கறுப்பு.

என்னத்தைக் கெடுத்தேன்? எதை உடைச்சேன்? யாரைக் கேக்குறது? கடைக்காரன் மலையில, பக்கத்து வீட்டுக்காரன் மலையில—

செய்யவே மாட்டேன் என்று சத்தியம் செய்ததைச் செய்தேன். டோர்கெய்ருக்கு மெசேஜ் போட்டேன். மலையிலிருக்கும் கேபினிலிருந்து உடனே கூப்பிட்டான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"என் மெஷின்ல இருந்த மாதிரியே மாட்டினியா?"

"உன் போட்டோவைப் பாத்துத்தான் மாட்டினேன்."

"அப்போ போர்டு செத்துப்போச்சு. உன் விரல்லேருந்து கரண்ட் பாஞ்சிருக்கும். நான்தான் சொன்னேன்ல? எதையும் தொடாத. திங்கக்கிழமை வந்து பாக்குறேன்."

திங்கட்கிழமை எதற்கு? நாளைக்கு எட்டு மணியோடு என் இடம் போய்விடும். ஆறு வருடமாக நான் கூடவே போய், காயம் கட்டி, எழுப்பிவிட்ட ஒன்பது பேர். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் யாருமில்லை, தண்ணீரை எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி. காலை

தொடாதே என்றான். தொட்டேன்.

மேஜையை நகர்த்தச் சோம்பல். கைப்பையில் கிடந்த பல் பார்க்கிற கண்ணாடியை எடுத்துத் தரையில் படுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போல் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மேலே மதர்போர்டின் துளைகள். மானிட்டர் கேபிள் அங்கே, போட்டோவில் உள்ளபடியே. கீழே கிராபிக்ஸ் கார்டு. அதிலும் நான்கு துளை, எல்லாம் காலி.

அப்படியானால் இவை எதற்கு?

கடைக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. என் பிராசஸருக்குள் படம் காட்டுகிற பாகம் கிடையாது. மேல் துளையில் எதை மாட்டினாலும் படம் எங்கிருந்து வரும்? கேபிளைப் பிடுங்கிக் கீழே செருகினேன்.

வெளிச்சம்.

ஐந்து நிமிடம் தரையிலேயே சிரித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் மெஷினிலும் கேபிள் மேல் துளையில். அவனுடையது விலை கூடின மாடல், அதனால் படம் எப்படியோ வந்துகொண்டிருந்தது. அவன் எல்லோரிடமும் பீற்றிக்கொண்ட அந்தப் பெரிய கார்டு ஆறு வருடமும் சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது! ஒவ்வொரு சண்டையிலும் திரை திக்கித் திக்கி நின்றது அதனால்தான். நான் மருந்து கொடுப்பதற்குள் அரை நொடி தாமதம், ஒருவர் செத்து விழுவார். "ஆட்டத்தைக் குத்தம் சொல்லாத, உன் கைதான் மெதுவு" என்பான். நான் நம்பினேன். வயசாகுது என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டேன், பிரேபனிடம், எல்லோரிடமும், ஒவ்வொரு வாரமும்.

ஆறு வருஷம்டா, பாவி!

ஏப்ரல் 4, சனி

நேற்று ராத்திரி கல்லரக்கன் இரண்டாவது முயற்சியில் விழுந்தான். எங்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

பிறகு இல்வா, "சோல்ஃபிரிட் இடத்துல இப்போ யாரு ஆடுறாங்க?" என்றாள். பிரேபன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவளேதான்" என்றார்.

இன்று முழுக்க என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆரஞ்சு உரிக்கும்போதும்.

ஏப்ரல் 6, திங்கள்

கருவிப் பெட்டியோடு வந்தான். முகம் வெயிலில் கறுத்து, பனிக்கண்ணாடி மறைத்த கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றபடியே திரையைப் பார்த்தான்.

"என்ன கார்டு?"

சொன்னேன்.

"என்னோடதை விட மட்டம்."

"ஆமா."

"அப்புறம் எப்படி இவ்வளவு வழுவழுன்னு ஓடுது? என்னோடது இப்பக்கூடத் திக்குது."

காபி ஊற்றிக் கொடுத்தேன். சொல்ல வாய் வரை வந்தது. குடித்துவிட்டு, "உனக்கு அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நல்லவேளை, சொல்லவில்லை.

ஏப்ரல் 8, புதன்

மதியம் என் மெஷினின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, "என்னோடது முதல்லேருந்தே அப்படித்தான் இருந்துச்சா?" என்று வந்தது. கொஞ்ச நேரத்தில், "சோல்ஃபிரிட்?"

அப்போது ஒரு கடைவாய்ப் பல் அடைப்பில் இருந்தோம். இடுக்கி, கண்ணாடி, பஞ்சு. அஸ்லாவ் கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றும் அவள் கையில் இருந்தது. "என்ன இன்னைக்கு இவ்வளவு வேகம்?" என்றாள்.

"எப்பவும் இப்படித்தான்" என்றேன்.