சீப்பில் வராத முடி

கரமனை, திருவனந்தபுரம்
ஜூலை 6, 2024

கௌசல்யா,

போனக்காட்டில் உன் அம்மா வீட்டில் டவர் கிடைக்காததால் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்தில் அப்படி ஆனபிறகு உனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதை நானும் பார்த்தேன். அது நின்றதும் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனாய். அதனால் இத்துடன் சோப்புக் கட்டி மாதிரி இரண்டு கரி ஷாம்பூ பார் அனுப்புகிறேன், கிழக்கேகோட்டையில் வாங்கியது.

இன்னொன்றை நானே வீட்டில் போட்டுப் பார்த்தேன். இங்கே குழாய்த் தண்ணீரில் முடி கயிறு மாதிரி ஆகிறது. துண்டு கறுத்துவிட்டது. உங்கள் ஊற்றுத் தண்ணீரில் சரியாக வரும். கட்டியை நேராகத் தலையில் தேய்க்காதே, கையில் நுரை வரத் தேய்த்துப் போடு. சீப்பில் வருகிற முடியை ஒரு கவரில் போட்டு வை. குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரஜின்

போனக்காடு
ஜூலை 15

அன்புள்ள அத்தானுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்காகக் கடை ஏறி இறங்கினீர்களே, சந்தோஷம். கூடவே எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

எஸ்டேட் லயத்துக்குப் பின்னால், ஊற்றிலிருந்து வருகிற ஹோஸ் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். கறுப்பாக ஓடியதைப் பார்த்து அம்மா, "அடுப்புக்கரியையா மாப்பிள்ளை பார்சல்ல அனுப்பியிருக்காரு? நம்ம வீட்டுல இல்லாத கரியாடி?" என்றாள். சிரித்துவிட்டேன். நான் சிரித்ததைப் பார்த்து அவள் அழுதாள்.

முடி கொட்டத்தான் செய்கிறது. விதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் தாசம்மாள் அக்காவிடம் காட்டினேன். "பெத்தவளுக்கெல்லாம் கொட்டும் மோளே, தானா நிக்கும்" என்றார். அத்தான், பெற்றவள் என்று என்னை வேறு யாரும் சொன்னதில்லை.

உங்கள்
கௌசல்யா

கரமனை
ஜூலை 22

கௌசல்யா,

நர்ஸ் சொன்னது சரி. ஹார்மோன் இறங்கினால் கொட்டும், நானும் படித்தேன். அதற்காகச் சும்மா இருக்க முடியாது. விடாமல் போடு. முடியைக் கவரில் சேர்க்கிறாயா இல்லையா? அதற்குப் பதிலே இல்லை.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு என்ன ஆகப் போகிறது? எனக்குத் தெரியாதா? பின்பக்க அறையைக் காலி செய்துவிட்டேன். தொட்டிலை என்னோடு லேபில் வேலை செய்கிற ஸ்ரீகுமார் சாருக்குக் கொடுத்துவிட்டேன். நீ வரும்போது எதுவும் கண்ணில் படாது.

பார் தீர்ந்தால் எழுது.

பிரஜின்

போனக்காடு
ஆகஸ்ட் 19

அத்தானுக்கு,

தொட்டில் விஷயத்தைப் படித்தபிறகு எழுதக் கை வரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முடி கொட்டுவது நின்றுவிட்டது. நேற்று வாரினேன், சீப்பில் ஒன்றும் வரவில்லை. உங்கள் பாரினாலா, தானாகவா, தெரியாது. அம்மா உடனே என் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். நான் குளிக்கிற மறைப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். பால் வற்றியது. வயிறு ஒடுங்கியது. அவனைச் சுமந்தேன் என்பதற்கு இந்த முடி கொட்டுவது ஒன்றுதான் என் உடம்பில் மிச்சம் இருந்தது. நின்றதும் வருகிறேன் என்று சொன்னவள் நான்தான். நிற்காது என்று நினைத்துச் சொன்னேன்.

எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அடக்கம் வரை எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள். அவனைப் பார்த்தவர் நீங்கள் மட்டும்தான். ஒன்றுதான் கேட்கிறேன். பிள்ளைக்குத் தலையில் முடி இருந்ததா?

கௌசல்யா

கரமனை
ஆகஸ்ட் 27

கௌசல்யா,

இருந்தது என்று எழுதினால் ஒருவேளை நீ வருவாய். எழுதியும் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

தெரியாது. தலையைத் துணியால் மூடி, முகம் மட்டும் தெரிகிற மாதிரித்தான் கையில் கொடுத்தார்கள். துணியை விலக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. புருவம் இருந்தது. மெல்லிசாக, இடது பக்கம் கொஞ்சம் மேலே ஏறி. உனக்கும் அப்படித்தான். ஒரு கையில் அவனை வைத்துக்கொண்டு மறு கையால் ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

உன்னை வா என்று எழுதமாட்டேன்.

அவன் கனமாக இருந்தான். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பிரஜின்