பல் எடுக்கும் அன்றே எலும்புத்தூள் நிரப்ப வேண்டுதல்

அனுப்புநர்:
சு. சந்தனமாரி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆற்றுத் தெரு, முக்கூடல்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொருநைக்கரை அரசு பல் மருத்துவமனை,
திருநெல்வேலி.

பொருள்: பல் எடுப்பதையும் அந்தக் குழியில் எலும்புத்தூள் வைப்பதையும் ஒரே நாளில் செய்துதரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆவணியில் தங்கள் மருத்துவமனையில் என் மேல் முன்பல் ஒன்றை எடுத்தார்கள். புண் நன்றாக ஆறியது. பிறகு நிலையான பல் பொருத்தக் கேட்டு வந்தபோது, அந்த இடத்து எலும்பு ஒடுங்கிவிட்டது, பல்லைத் தாங்கும் திருகு அதில் நிற்காது என்றார் மருத்துவர். பல் எடுத்த அன்றே குழியில் எலும்புத்தூள் நிரப்பித் தைத்திருந்தால் இவ்வளவு ஒடுங்கியிராதாம். எங்கள் ஊரில் ஆற்றங்கரை மரம் வேரோடு சாய்ந்தால் உடனே குழியில் மண் கொட்டுவோம். விட்டால் கரை சரியும். அதுபோல என்று புரிந்துகொண்டேன்.

2. இப்போது பக்கத்துப் பல்லும் ஆடுகிறது. பல் எடுக்கும் பிரிவு செவ்வாய், தூள் வைக்கும் பிரிவு வெள்ளி. முதல் பிரிவில், "இங்கன பிடுங்க மட்டுந்தான் டீச்சர்" என்றார்கள். அடுத்ததில், "பல்லை எடுத்துட்டு வாங்க, பொறவு பாப்போம்" என்றார்கள். இருவரும் மரியாதையாகவே சொன்னார்கள். ஆனால் கேள்வித்தாளை ஒரு நாளும் விடைத்தாளை இன்னொரு நாளும் கொடுத்தால் பிள்ளை எப்படித் தேர்வு எழுதும்?

3. என் கணவர் சுடலைராஜ் அரிசி ஆலை இரைச்சலில் செவித்திறன் இழந்தவர். என் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். பல் போனதும் என் மேலுதடு உள்ளே மடிந்துவிட்டது. கூச்சத்தில் கையும் தானாக வாயை மூடிக்கொள்கிறது. கழற்றி மாட்டும் பல் பேச்சில் நழுவுகிறது. "ஏட்டி, கைய எடுத்துட்டுப் பேசு, என்ன சொல்லுதன்னு தெரியல" என்று முதலில் சிரிப்பார். இப்போது அப்படிச் சொல்வதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார்.

எழுதிக் காட்டலாமே என்று தாங்கள் நினைக்கலாம். காட்டுகிறேன். மாத்திரை, கேஸ், கரண்ட் பில் எல்லாம் தாளில் அடங்கிவிடுகின்றன. சும்மா பேசுவதை யாரும் எழுதிக் காட்டுவதில்லை, ஐயா. அதற்குத்தான் ஏங்குகிறேன்.

ஆகவே, இரு பிரிவினரும் ஒரே நாளில் இருக்குமாறு ஆணையிட்டு, எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதுவரை ஆடும் பல்லை வலியோடு வைத்திருப்பேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததிலிருந்து எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததுவரை, என் கணவரிடம் சொல்ல நிறையச் சேர்ந்து கிடக்கிறது.

இடம்: முக்கூடல்
நாள்: 19.06.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. சந்தனமாரி