ஃபில்டரைத் திறப்பதற்கு முன்

மார்ச் 3, செவ்வாய்

மகள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு எனக்கு இன்னும் பதில் சொல்ல வரவில்லை. "டெக்னிகல் ரைட்டர்" என்பேன். "ஓ, கதையெல்லாம் எழுதுவாங்களா?" என்பார்கள். இல்லை ஐயா. வாஷிங் மெஷின் வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் படிக்காத அந்தப் புத்தகத்தை எழுதுகிறாள். அதற்கென்று ஒருத்தர் சம்பளம் வாங்கி உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? மெஷினுக்குள்ளேயே அது விளைகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னும் ப்ரொபேஷன்தான். நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்பதை இப்போது ஒரு புது மெஷினுக்கு எழுதும் புத்தகத்தை வைத்து மாதக் கடைசியில் முடிவு செய்வார்களாம்.

சாப்பிடும்போது சொன்னாள், "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாராவது படிச்சுச் செஞ்சு பாக்கணும். ரொம்பப் படிச்சவங்க வேணாம். சாதாரண ஆளா இருந்தாப் போதும்." தாயும் மகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனுக்கு இப்படியொரு பதவி தேடி வருவது லேசுப்பட்ட விஷயமா?

மார்ச் 5, வியாழன்

பதவிப் பிரமாணத்துக்கு முன் எனக்குப் பாடம் நடந்தது. யாருக்காக எழுதுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு படியில் ஒரே வேலை. ஒரு பொருளுக்குக் கடைசி வரை ஒரே பெயர். இங்கே மூடி, அடுத்த பக்கத்தில் கதவு என்று எழுதினால் படிக்கிறவர் இரண்டையும் தேடுவாராம்.

எட்டாம் வகுப்பில் என் கட்டுரையில் 'நல்ல' என்ற சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது என்று வாத்தியார் மார்க்கை வெட்டினார். நான் அப்போதே இந்தத் தொழிலுக்குத் தயாராக இருந்திருக்கிறேன். உலகம்தான் தயாராக இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

தேர்வு முடிந்தது. நம் வீட்டில் இருப்பதும் அதே கம்பெனி மெஷின்தான். பழைய மாடல் என்றாலும் ஃபில்டர் அதேதான். 'ஃபில்டரைச் சுத்தம் செய்தல்' என்ற பகுதியை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டேன். தொண்டையைச் செருமினேன். மெஷினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபில்டரைக் கழற்றி, பஞ்சையும் ஒரு சட்டைப் பொத்தானையும் எடுத்து, அலசித் திரும்ப மாட்டினேன். எல்லாப் படிக்கும் டிக்.

"எல்லாம் புரிஞ்சுதாப்பா?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா."

பிள்ளை முகத்தில் என்ன ஒரு மலர்ச்சி! வீட்டுக்காரி மட்டும், "நீங்க பேப்பரைப் பாத்த மாதிரியே தெரியலையே" என்றாள். பொறாமை.

மார்ச் 11, புதன்

ஆபீசில் வெள்ளம்.

அவர்களிடம் ஒரு வழக்கமாம். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அந்த மெஷினைத் தொட்டே பார்க்காத ஒருவரை உட்கார வைத்துச் செய்யச் சொல்வார்கள். இந்த முறை கணக்குப் பிரிவுக்காரர். மகா ஒழுங்கான மனிதர். ஒரு படி படிப்பார், அதைச் செய்வார், அதன் பிறகே அடுத்ததைப் படிப்பார். மூன்றாம் படி: ஃபில்டரை இடப்பக்கம் திருப்பிக் கழற்றவும். கழற்றினார். நான்காம் படி: கழற்றுவதற்கு முன், பக்கத்தில் உள்ள சிறிய ரப்பர் குழாய் வழியே தண்ணீரை வடித்துவிடவும்.

அதைப் படிக்கும்போது அவர் சாக்ஸ் வரை நனைந்துவிட்டாராம்.

எஞ்சினியர் கொடுத்த குறிப்பில் அந்த வரிசையில்தான் இருந்தது என்கிறாள். மேலதிகாரி அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. "இதை யாரும் செஞ்சு பாக்கலையா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"ஒரு யூசர் பாத்தாருன்னு சொன்னேன்ப்பா."

ஒரு யூசர். அப்பா என்று சொல்லவில்லை. 25ஆம் தேதி மறுபடி சோதனை. அதிலும் தண்ணீர் கொட்டினால் வேலை போய்விடும்.

மார்ச் 12, வியாழன்

வேனை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை என் கை முதலில் எங்கே போனது? அந்த ரப்பர் குழாய்க்குத்தான். வாளியை வைத்துத் தண்ணீரை வடித்தபிறகுதான் ஃபில்டரைத் தொட்டேன். இத்தனை வருடமாக இந்த வீட்டில் அதைச் சுத்தம் செய்கிறவன் நான்தானே. கை பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்தது. நான் பாட்டுக்கு டிக் போட்டேன். படிச்சேனா? எங்க படிச்சேன்? கண்ணாடி போட்டேன், அவ்வளவுதான். பெத்த பொண்ணு சோத்துல மண்ணைப் போட இதைவிட வேற என்ன செய்யணும் நான்?

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"அதை நீங்கதான் கழுவுறீங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா. யாருக்காக எழுதறோம்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குப் பாடம் எடுத்தேன். எதிர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு எனக்கே தெரியலை."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு

புதிய முறை. நான் சத்தமாகப் படிக்க வேண்டும். வீட்டுக்காரி செய்ய வேண்டும். எழுதியிருப்பதைத் தவிர நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. காதில் விழுந்ததைத் தவிர அவள் ஒன்றும் செய்யக் கூடாது. அவள் இதுவரை அந்த மூடியைத் திறந்ததே இல்லை.

"கீழே உள்ள சிறிய மூடியைத் திறக்கவும்."

"எதால?"

"அதான், அந்த ஓரத்துல..."

"அப்பா, எழுதினதை மட்டும்."

"கீழே உள்ள சிறிய மூடியைத் திறக்கவும்."

வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு நகம் உடையும். புத்தகம் வழி சொல்லட்டும், திறக்கிறேன்."

மகள் எழுதிக்கொண்டாள்: நாணயத்தை இடுக்கில் விட்டு நெம்பவும்.

"தட்டையான பாத்திரம் ஒன்றை வைக்கவும்."

"எங்க வைக்கணும், உங்க தலையிலயா?"

அதையும் எழுதிக்கொண்டாள். தலை என்றல்ல, குழாய்க்கு நேர் கீழே என்று.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்னதை அவள் அப்படியே செய்தது இன்றைக்குத்தான். எனக்கு அது கொஞ்சமும் உதவவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நான்காவது திருத்தம். சும்மா இருப்பதற்கு வாய் இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

மார்ச் 25, புதன்

மத்தியானம் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேனில் குழந்தைகளை ஏற்றாமலே கிளம்பப் பார்த்தேன்; வாட்ச்மேன் கத்தி நிறுத்தினார்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், தண்ணீர் குடித்தாள். ஒரு படியில் ஒரே வேலை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைப்பா."

"ஒண்ணும் ஆகலைன்னா?"

"ஒண்ணும் ஆகலைன்னா ஒண்ணும் ஆகலை. தண்ணி கொட்டலை. கணக்குக்காரர் ஒரு கேள்விகூடக் கேக்கலை. முடிச்சாரு, கையைத் துடைச்சாரு, டீ குடிக்கப் போயிட்டாரு."

"நல்லா இருக்குன்னு யாரும் சொல்லலையா?"

"சொல்ல மாட்டாங்க. புத்தகம்னு ஒண்ணு இருந்ததே அவருக்கு ஞாபகம் இருக்காது. அதான்பா இந்த வேலை."

"உங்க மேலதிகாரி அம்மா?"

"அடுத்தது மைக்ரோவேவ்னாங்க."

அடுத்தது. அடுத்தது என்று ஒன்று இருந்தால் ஆளும் இருக்க வேண்டும் அல்லவா? வீட்டுக்காரி அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் பாத்திரங்களை உருட்டினாள். அழுதால் அப்படித்தான் உருட்டுவாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நிரந்தரக் கடிதம் வந்துவிட்டது. இனிமேல் என்னைக் கூப்பிட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். இன்று மைக்ரோவேவ் தாள்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"சத்தியமா ஒண்ணும் தெரியாது."

"அம்மாவுக்குத் தெரியாம எங்கயாவது இதைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

"கடையில வெளிய இருந்து பாத்ததோட சரி."

முதல் பக்கத்தைக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டேன். இந்த முறை உண்மையிலேயே படித்தேன். முதல் வரி. திரும்ப முதல் வரி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம்.

"புரியலைம்மா."

பேனாவை எடுத்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்த இடத்துல?" என்று கேட்டாள்.