ஆமைக் கதவு

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த மருமகளுக்கு,

இறையருளால் இங்கு யாவரும் நலம். சமையலறைக் குழாயை உன் கணவனே சரிசெய்தான். முன்பு சொட்டியது, இப்போது பீய்ச்சுகிறது.

இம்மடலை எழுதச் சொன்னவனும் அவனே. இழுவலைகளில் ஆமை தப்பிச் செல்லும் கதவு இனிக் கட்டாயமில்லை என்று சட்டத்தைத் தளர்த்துவதுபற்றி மாத இறுதியில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறதல்லவா? ஆமைகளைக் கணக்கெடுத்த ஆய்வாளராக நீ அங்கே எதிர்த்துப் பேசவிருப்பதை அறிந்து கலங்கியிருக்கிறான். படகு உரிமையாளர் சங்கத் தலைவனுக்கு மனைவியே எதிர்த்தரப்பு என்றால் ஊர் சும்மா இருக்குமா? “நான் சொன்னா சண்டைதான் வரும். நீங்க எழுதுங்கப்பா, உங்க பேச்சை அவ தட்டமாட்டா. வராம இருந்தாலே போதும்” என்றான்.

நீ என் சொல்லைத் தட்டியதில்லை. அதனாலேயே அச்சொல்லை எளிதாகச் செலவிட எனக்கு மனமில்லை. சங்கத்தாரின் பேச்சை நேரில் கேட்க வலைக்கூடத்துக்குச் சென்றேன். ஈரக்கயிறும் டீசலும் மணக்கும் அவ்விடத்தில் ஒரு வலைக்குவியலின்மேல் அமர்ந்தேன். ஆமைகள் பெருகிவிட்டன என்ற உன் அறிக்கையின் வரியைத் துண்டறிக்கையாக அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்திருந்தார்கள். கதவினால்தான் பெருகின என்ற அடுத்த வரி அதில் இல்லை.

“ஆமைக்கெல்லாம் ஓட்டு இருந்தா தலைவரே, உங்க வீட்டுக்காரம்மாதான் மந்திரி!” என்றார் படகோட்டி ஒருவர். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். படகு இயந்திரக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “அதிகாரிங்க சோதனை முடிஞ்சு துறைமுகத்தைத் தாண்டினதும் கதவை நூல் போட்டுத் தைச்சிடுவோம் பெரியவரே. திரும்பறப்ப பிரிச்சிடுவோம். ஆமையோட இறாலும் போயிடுதே, வீட்ல அடுப்பு எரிய வேணாமா?” என்றார். எல்லாப் படகிலுமா என்று கேட்டேன். அவர் உன் கணவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அவர்கள் குறை பொய்யன்று. இறால் தப்பாத கதவைக் கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. கதவே வேண்டாமென்று கேட்க இல்லை. சிலர் களவாகத் தைத்தும் ஆமைகள் மீண்டன. எல்லாரும் தைக்கலாம் என்று சட்டமே சொல்லிவிட்டால்? இன்று கரையேறி முட்டையிடுபவை கதவு வந்தபின் பிழைத்தவை. அவற்றின் குஞ்சுகள் தாயாகித் திரும்பப் பல்லாண்டு செல்லும் என்று நீ சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவரை பொறுக்க நமக்கு என்ன கேடு?

வைகறையில் எவ்வுயிர்க்கும் அருள்க என்று வேண்டிய வாயால், பகலில் ஓர் உயிரின் வாயிலை அடைக்கத் துணைபோகமாட்டேன். அவனிடமே சொன்னேன்: மடல் எழுதுவேன், ஆனால் அவளை வரச்சொல்லி எழுதுவேன். “அப்பா, நீங்களுமா?” என்றான். “நானும்தான்டா. கூட்டத்துல அவ பக்கத்து நாற்காலி எனக்கு” என்றேன்.

ஆகவே தயங்காமல் வா. தைத்த கதவுகளைப் பற்றி நீ வாய்திறக்க வேண்டாம். அது என் காதில் விழுந்த செய்தி, நானே எழுந்து சொல்வேன், என் மகனின் படகு உட்பட. அதையும் அவனிடம் மறைக்கவில்லை. இறால் தப்புவதை மட்டும் நீ மறைக்காதே. அதற்கொரு வழிகாண வேண்டும் என்ற கோரிக்கை உன் வாயிலிருந்து வரட்டும். அந்த இயந்திரக்காரர் கேட்கட்டும்.

விடுதியில் அறை சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை விட்டுவிடு. முடிவு எப்பக்கம் சாய்ந்தாலும் நீ படுத்துறங்க வேண்டிய இடம் நம் வீடு. நீ வருவாய் என்று அவனிடம் சொன்னேன். உண்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, எந்தப் பேருந்து என்று மட்டும் கேட்டான்.

எந்தப் பேருந்து என்று எழுது அம்மா. நிறுத்தம்வரை நடக்க என் முழங்கால் இடம்தராது. வேறு யாரேனும் வருவார்கள்.

இறைவன் உன் நாவில் உண்மையையும், உங்கள் இருவர் நெஞ்சிலும் பொறுமையையும் நிலைபெறச் செய்வானாக.

வழிபார்த்திருக்கும்
உன் மாமா