ஹிபாவுக்கு எண்ணெய் வேண்டாம்

உப்பளம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆஃப்ரினுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை ஸாகிபும் என் பேத்தி ஹிபாவும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அத்தாவுக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் அளவில்தான் இருக்கிறது, என் முழங்கால் பழையபடி, மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் படி. வியாழக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டு விக்ரம் கையில் அத்தா கொடுத்தனுப்பிய எண்ணெயைப் பிள்ளைக்குத் தடவாதே. அங்கே டாக்டர் எழுதிக் கொடுத்து நீ நிறுத்தி வைத்திருக்கிறாயே அந்தக் களிம்பு, அதை அவரிடம் கேட்டு இன்றைக்கே ஆரம்பி. மஞ்சளாக நீர் வடிகிறது என்றாயே, அதையும் காட்டு, தள்ளிப் போடாதே.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். மூன்று தடவை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் என்ன சமையல் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு வருகிறது. விக்ரமின் அம்மா சிவசங்கரி இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்துச் சாயங்காலமே உனக்கு அனுப்பிவிடுவாள். அவள் படித்தாலும் பரவாயில்லை, தெருவுக்கே இப்போது தெரிந்துவிட்டது.

இப்போது ஹிபாவுக்கு வந்திருக்கிற இதே கரப்பான் உனக்கு ஆறு வயசில் வந்தது நினைவிருக்கும். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து என்று தோல் வெடித்து நீர் வடியும், உடுப்பு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் ரத்தம் வரும். நீ சொறியக் கூடாதென்று அத்தாவின் காலுறையை உன் கையில் மாட்டிக் கட்டி வைப்பேன், கழட்டிவிடும்மா என்று கெஞ்சுவாய். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினோம், கத்திரிக்காயும் கருவாடும் வீட்டுக்குள் வராமல் நிறுத்தினோம், யாரோ சொன்னார்களென்று குப்பைமேனியை உப்போடு அரைத்துப் போட்ட அன்று நீ அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அத்தா ஒத்துக்கொள்ள மாட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டாக்டரைப் பார்க்காமல் மருந்துக் கடையில் வாங்கிய களிம்பை மாசக்கணக்கில் தடவி அவர் தங்கையின் முகம் கெட்டுப்போய், பேசி வைத்திருந்த நிக்காஹ் நின்றதைக் கண்ணால் பார்த்தவர். என் புள்ளை மேல அந்த வெள்ளைக் களிம்பு படக்கூடாது என்று சொல்லிவிட்டு, எங்கெங்கோ விசாரித்து, அருகம்புல்லைச் சாறு பிழிந்து தேங்காய் எண்ணெயில் காய்ச்சி அவரே வடிகட்டிக் கொண்டுவந்தார். அந்த எண்ணெயில்தான் உனக்குச் சரியானது என்று நீயும் நினைத்திருக்கிறாய், ஊரும் நினைத்திருக்கிறது.

அது உண்மையில்லை ராஜாத்தி. எண்ணெய் போட்டுப் பதினைந்து நாளாகியும் உனக்குக் குறையவில்லை. ஒரு நாள் அத்தா கடைக்குப் போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன், உன் அத்தை வீட்டுக்கு என்று பொய் சொல்லி. அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்து, ஒரு டியூப் எழுதிக் கொடுத்து, எவ்வளவு போட வேண்டும், எத்தனை நாள் போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று விரலைக் காட்டிச் சொன்னார். எண்ணெயைக் கேட்டதற்கு, தோல் காயாமல் இருக்கும்மா, அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாது, புண்ணு மேல போடாதீங்க என்றார். அத்தாவுக்குத் தெரியாமல் முதலில் களிம்பு போடுவேன், அது காய்ந்த பிறகு அத்தா பார்க்கும்படி புண் இல்லாத இடத்தில் எண்ணெய். தீர்ந்த டியூபைக் காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பையில் போட்டுவிடுவேன். ரெண்டு மாசத்தில் உன் தோல் தெளிந்தது. அத்தா உன் முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்து அழுதார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நம்ம புருஷன்தானே, சந்தோஷப்பட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள், எனக்கு இருபத்தாறு வருஷம் நல்ல போஜனமே கிடைத்தது.

நம் கடையோ செருப்புக் கடை. வருகிறவர்கள் எல்லாம் காலை நீட்டத்தான் வேண்டும். வெடிப்போ படையோ கண்ணில் பட்டால் போதும், அத்தா என் மகளைப் பாருங்க என்று உன் போட்டோவைக் காட்டி ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவார், காசு வாங்க மாட்டார். பாதிப் பேருக்கு அது கெடுதல் செய்யவில்லை. அதை வைத்தே நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வருஷக் கடைசியில் சுலோசனா என்று ஒரு பெண் வந்தாள், மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் டப்பா கழுவுகிற வேலை, எந்நேரமும் கால் ஈரத்தில். பாதம் முழுக்கக் கரப்பான், சர்க்கரை வேறு. அத்தா எண்ணெய் கொடுத்தார். உன் போட்டோவைப் பார்த்த நம்பிக்கையில் அவள் டாக்டரிடம் போவதையே விட்டுவிட்டாள். நாலு மாசம். போன வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரெண்டு கால் விரலை எடுத்துவிட்டார்கள். அத்தா பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர், பத்தியம் இருக்கலையாம், கருவாடு தின்னிருக்கா, பாவம் என்றார். சோற்றுக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. முந்தின நாள்தான் ஹிபாவுக்கு பாட்டில் போயிருக்கிறது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கருவாடு தின்னதால இல்லீங்க. உங்க எண்ணெயில நம்ம புள்ளைக்கே சரியாகல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினார். பிறகு, "என்னை ஏன்டி இத்தனை பேருக்குக் குடுக்க விட்ட?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

நேற்றுக் காலையிலிருந்து கடை பூட்டித்தான் கிடக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று விரல் விட்டு யோசித்து யோசித்து, வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். நேற்று கருவடிக்குப்பம் வரைக்கும் போயிருக்கிறார். சிலர் சிரித்தார்களாம், எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு பாய், இன்னொரு பாட்டில் குடுங்க என்றார்களாம். முதலில் போனது சுலோசனாவிடம்தான். அவள் புருஷன் கன்னியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்க நல்ல மனசோடதான குடுத்தீங்க பாய் என்று அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டானாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை, சிவசங்கரியின் வீட்டுக்காரரிடம் சொன்னதை அவள் வந்து சொன்னாள். என்னிடம் அவர் பேசியது ஒரே ஒரு தடவை, இன்று காலை, புள்ளைக்குத் தடவ வேணாம்னு சொல்லிட்டியா என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ என் மேல் கோபப்படு, நியாயம்தான். அத்தா மேல் படாதே. அவர் கூப்பிட மாட்டார், நீயே கூப்பிடு. ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஹிபாவின் தோல் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் தினம் சொல்லு, களிம்பில் ஆறுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லு. பிள்ளைக்கு வெதுவெதுப்பான தண்ணீரே ஊற்று, நகத்தை ஒட்ட வெட்டு, அந்த ஊர்க் குளிருக்குப் போடுகிற கம்பளித் துணி உடம்பில் நேராகப் படாமல் உள்ளே பருத்தி போடு. காலுறை கட்டி வைக்காதே, நான் கட்டியது போதும். மாப்பிள்ளைக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுசும் நோயில்லாத உடம்பும் தரட்டும், என் பேத்தி ஒரு இரவாவது அழாமல் தூங்கட்டும்.

அத்தாவும் உனக்கு சலாம் சொல்கிறார் என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இன்றைக்கு அவர் சொல்லவில்லை, அதனால் எழுதவில்லை.

உன் அம்மா
ஜஹபர் நிஷா